நுரைத்துப்போன மிளகாய்த் தேன்

எங்கள் வீட்டில் மிளகாய்த் தேன் உண்டானது, நான் கையைச் சரியாகக் கழுவாததால்தான். இந்த உண்மையை என் மாமியாரிடம் நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தேனோடு என்னையும் சேர்த்துத் தலை முழுகியிருப்பார்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ரயில்பெட்டி மாதிரி நீளமான ஒரு வீடு. அதில் நான், என் கணவர், மாமியார், மூன்றே பேர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் காபிப்பொடிக் கடையில் வேலை. தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய் வருவார். அந்தக் கடையில் நிறுத்துக் கொடுக்க ஆள் உண்டு, அரைக்க ஆள் உண்டு. இவருடைய வேலை மூக்கு. பச்சைக் கொட்டை மூட்டை வந்து இறங்கினால் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, நல்லதா மக்கலா என்று சொல்லவேண்டும். வறுக்கிற உருளை சுற்றும்போது பக்கத்தில் நின்று, வாசனை சரியாக வந்ததும் "போதும், இறக்கு" என்று சொல்லவேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் கருகல். கடை முதலாளி இவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். சாமி தலையை ஆட்டாமல் அங்கே ஒரு மூட்டையும் உள்ளே போகாது.

அந்த வருஷம் ஊரெல்லாம் ஃப்ளூ ஜுரம். ஐப்பசி மழையில் இவருக்கும் வந்தது. எட்டு நாள் போட்டுப் படுத்திவிட்டு விட்டது. ஆனால் போகிற ஜுரம் சும்மா போகவில்லை. வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். முகமே சரியில்லை.

"எனக்கு வாசனை தெரியலை" என்றார்.

"எந்த வாசனை?"

"எதுவுமே. உருளை முன்னாடி நிக்கறேன், புகை கண்ணுல எரியறது, வாசனை மட்டும் இல்லை. இதோ, உன் தலையில மல்லிப்பூ இருக்கு. அதுவும் தெரியலை."

எனக்கு முதலில் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். மூன்று நாளாகத் தினம் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன், இந்த மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். காரணம் இதுதானா என்று ஒரு கணம் மனசு லேசாயிற்று. அடுத்த கணமே வேறு நினைப்பு வந்தது. வாசனை தெரியாதவருக்குக் காபிக் கடையில் என்ன வேலை?

அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவார். தப்பு அவர்மேல இல்லை. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே" என்றார். பதினாறு வயதிலிருந்து அதே வேலை. வேறு எந்தக் கடையில் போய் எதைச் சொல்லி வேலை கேட்பது?

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். மாமியாரிடமும்தான். நல்ல மனசு அவருக்கு, அதில் குறையில்லை. ஆனால் காலையில் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால், கொள்ளிடத்தில் குளித்துவிட்டுத் திரும்புவதற்குள் நாலு வீதிக்கும் தெரிந்துவிடும். நாலு வீதியிலும் பாதி வீட்டில் அந்தக் கடைப் பொடிதான்.

அதன்பிறகு அவருடைய மூக்கு நானானேன். வந்து இறங்கிய மூட்டையிலிருந்து கொஞ்சம் கொட்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். கொல்லைக் கிணற்றடியில் வைத்து நான் முகர்வேன். "இது ஒண்ணும் இல்லை, நன்னாருக்கு. இது கொஞ்சம் ஈரத் துணி வாடை அடிக்கறது." மறுநாள் போய் அதையே தன் தீர்ப்பாகச் சொல்லிவிடுவார். மூட்டை வந்த அன்றே பதில் சொல்லாமல் "நாளைக்குச் சொல்றேன்" என்று இவர் சொல்ல ஆரம்பித்ததை முதலாளி நிதானம் என்று எடுத்துக்கொண்டார். சாமிக்கு வரவரப் பொறுப்பு கூடிவிட்டது என்று மற்றவர்களிடம் பெருமைப்பட்டாராம். வறுக்கிறதை நிறத்தைப் பார்த்தும் கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டும் ஒப்பேற்றினார். இதில் இன்னொரு வேடிக்கை, நான் காபியே குடிக்காதவள். எங்கள் அப்பா வீட்டில் பெண்களுக்குக் காபி கிடையாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அந்தக் கழுதையைத்தான் இவர் கற்பூரம் பார்க்க உட்கார்த்தி வைத்திருந்தார்.

வீட்டிலும் கஷ்டம்தான். உப்பு, புளிப்பு, இனிப்பு இவ்வளவும் நாக்குக்குத் தெரியும், மிச்ச ருசி எல்லாம் மூக்கின் வேலை என்று ரொம்ப வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், மனுஷர் சாதத்தை மண்ணைத் தின்கிற மாதிரி விழுங்குகிறார் என்பதுதான். எதைப் போட்டாலும் "நன்னாருக்கு" என்பார். ஜுரத்துக்கு முன்னால் சாத்துமுது, ரசத்தைத்தான் சொல்கிறேன், ஒருநாள்கூட அவரிடம் தப்பியதில்லை. பெருங்காயம் போதலை, கருவேப்பிலை வாடல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். குறை சொல்லாமல் சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்து மாமியாருக்குப் பூரிப்பு. "ஜுரம் வந்தாலும் வந்தது, என் பிள்ளைக்கு நல்ல குணம் வந்துடுத்து" என்றார். நான் சிரித்து வைத்தேன். இவருடைய சட்டை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

சளி என்று பொய் சொல்லி, நாட்டு வைத்தியரிடம் சுக்கு மிளகு திப்பிலிப் பொடி வாங்கி வந்திருந்தார். அதை உள்ளங்கையில் போட்டு, தேன் விட்டு, மோதிர விரலால் குழைத்து நான் கொடுக்கவேண்டும். ஒருநாள் மிளகாய்ப்பொடி இடித்துக்கொண்டிருந்தவள், அவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவசரப்படுத்தியதில், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அப்படியே குழைத்து நீட்டிவிட்டேன். வழித்து நாக்கில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் ஜலம் தளும்பியது.

"இன்னிக்கு இதுல என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலை... மிளகாய் இடிச்ச கை..."

"இன்னும் கொஞ்சம் குடு" என்றார். "மூணு மாசமா எனக்கு வாயே இல்லாத மாதிரி இருந்தது. இப்பத்தான் இருக்குன்னு தெரியறது."

அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டார்.

தித்திப்பும் தெரிகிறது, எரிச்சலும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இவர் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நல்ல காய்ந்த மிளகாயாக மூன்று எடுத்துக் காம்பைக் கிள்ளி, நீளமாகக் கீறி, விதையை உதறினேன். ஒரு சின்னச் சீசாவில் போட்டு, மூழ்கத் தேனை ஊற்றினேன். அடுப்பில் வைத்துச் சூடு காட்டினால் காரம் சீக்கிரம் இறங்கியிருக்கும். ஆனால் தேனைச் சுட வைத்தால் நஞ்சு என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. அதனால் மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். வாயைத் துணியால் கட்டி, எறும்பு ஏறாமல் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவே சீசாவை நிறுத்தினேன். பத்து நாளில் தேன் சிவந்து, கையில் தொட்டு நக்கினால் முதலில் இனித்து, எண்ணி ஐந்துக்குள் தொண்டை வரைக்கும் பிடித்துக்கொண்டது.

அடைக்குத் தொட்டுக்கொண்டார். இட்லிக்குத் தொட்டுக்கொண்டார். தயிர் சாதத்தின் நடுவே குழித்து அதில் ஒரு கரண்டி விட்டுக்கொண்டார். பார்க்கவே சகிக்காது. ஆனால் சாப்பிட்டார். மூக்கில் ஒழுக, கண்ணில் ஒழுக, இரண்டாம் தடவை சாதம் கேட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

மாமியார் கண்ணில் எத்தனை நாள் மறைக்க முடியும்? சித்திரை முடிவில் நாலாவது சீசா காலியாகிற சமயம் பிடித்துவிட்டார். "என்னடி இது, கூத்து? தேன்ல மிளகாயா?" என்று கேட்டவர், பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மூன்று அடை தின்றதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார். இனிமேல் இதைக் குளித்து மடியாகச் செய்து, சமைக்கிற தளிகை அறையில் வைத்து, பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். கோயில் மடைப்பள்ளிக்குள் மிளகாய் நுழைய முடியாது. ஆத்துப் பெருமாள் எங்களோடு இருந்து பழகினவர், கொஞ்சம் அனுசரித்துப் போவார்.

துறையூரிலிருந்து பஸ் ஏறி வந்து பச்சைமலைத் தேன் விற்கும் ஒரு அம்மாள் உண்டு. அந்தத் தடவை தேனோடு கூடை அடியில் மிளகாய்ப் பழமும் கொண்டுவந்திருந்தாள். செக்கச்செவேல் என்று பளபளத்தது. காய்ந்ததைவிட இது உசத்தி என்று எனக்குத் தோன்றியது. வாங்கினேன். மாமியார் வாசலிலேயே மறித்தார். வெளியிலிருந்து வந்த சாமான், யார் யார் கை பட்டதோ, ஜலம் விட்டு அலம்பாமல் உள்ளே வரக் கூடாது. ஒரு செம்பு ஜலம் விட்டார். புதிதாக எடுத்த பெரிய சீசாவையும் நான் மடியில்லாமல் தொட்டுவிட்டேன் என்று அதற்கும் ஒரு செம்பு. ஜலம் பட்டால் எல்லாம் சுத்தம். எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். பழத்தைத் துணியால் ஒற்றிக் கீறிப் போட்டு, ஈரம் காயாத சீசாவில் தேனை நிரப்பி, தக்கையை அழுத்தி, தளிகை அறை மூலையில் வைத்தேன். உலகத்தில் ஜலம் ஆகாத பண்டம் ஒன்று உண்டென்றால் அது தேன்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அடுத்த துவாதசியன்று பெருமாளுக்கு ஆன பிறகு திறக்கலாம் என்றார் மாமியார். அதுவரை நக்கிப் பார்க்கவும் கூடாது, முகர்ந்து பார்க்கவும் கூடாது. பெருமாளுக்கென்று வைத்ததை மனுஷ மூக்கு முந்திக்கொள்ளலாமா?

இந்த நேரம் பார்த்து அங்கே கடையில் இடி விழுந்தது. குடகிலிருந்து ஏஜென்ட் ஒருவர் வருகிறார், வருஷத்துக்கு வேண்டிய கொட்டை முழுவதும் அவரிடமே எடுப்பதாகப் பேச்சு. பத்து மாதிரிகளைக் கொண்டுவந்து பரப்புவாராம். "சாமி, நீங்க அங்கேயே மோந்து பார்த்துச் சொல்லிடணும். மனுஷன் அன்னிக்கே ஊருக்குத் திரும்பறார்" என்று சொல்லிவிட்டார் முதலாளி. பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் என்னிடம் காட்ட வழியில்லை. இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் ரொம்ப அமைதியாகப் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தெரியாம எதையாவது நல்லதுன்னு சொல்லி, அவருக்கு ஒரு வருஷச் சரக்கு வீணாப்போனா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஏஜென்ட் வர்றதுக்கு முந்தின நாள் போய் உள்ளதைச் சொல்லிடறேன்" என்றார். நான் சண்டை போட்டேன். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எத்தனை நாள் படுத்துக்கறது?" என்று கேட்டார். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன், அவர்மேல் வந்த கோபத்தைத் தாம்புக்கயிற்றின்மேல் காட்டினேன்.

மறுநாள் அவருக்கு வாரவிடுமுறை. வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் நானும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். காலைக் கழுவிக்கொண்டு தளிகை அறைப் பக்கமாக வந்தவர், வாசற்படியில் நின்று முகத்தைச் சுளித்தார்.

"என்ன நாத்தம் இது? கள்ளு வாடை மாதிரி?"

என் கையிலிருந்த முறம் நழுவியது. அரிசி கூடமெல்லாம் சிதறியது.

மாமியாருக்கு வேறு எதுவுமே காதில் விழவில்லை. "ஏண்டா, கள்ளு வாடை உனக்கு எப்படிடா தெரியும்?" என்று எழுந்துவிட்டார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். வைஷ்ணவாள் வீட்டில் இப்படி ஒரு வார்த்தை!

"சின்ன வயசுல கொள்ளிடக்கரைத் தோப்பு வழியா ஸ்கூலுக்குப் போனேனேம்மா, மரத்துல பானை கட்டியிருப்பான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதுவரை தான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

மூலையில் சீசாவின் தக்கை பிதுங்கி, சிவப்பு நுரை வழிந்து தரையில் ஓடியிருந்தது. மிளகாய்ப் பழமெல்லாம் மேலே மிதந்து, பொடிப்பொடியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் தினமும் மூன்று வேளை புழங்கிய நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பவே இல்லை, அவ்வளவு ஆசாரம். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு படித் தேன் போச்சே, பெருமாளுக்கு வெச்சது இப்படிக் கள்ளாப் போச்சே என்று புலம்பினார். நான் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். நடுவே சிரிப்பும் வந்தது. "அழாதேடி, தேன்தானே. வேற வாங்கிக்கலாம்" என்று அவர் என்னைச் சமாதானம் செய்தார். தேனுக்காக நான் அவ்வளவு அழுததைப் பார்த்து, அதற்குப் பிறகு என்னை ரொம்பச் சிக்கனமானவள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே நீட்டினேன். பெருங்காயம் தெரிந்தது. சந்தனம் தெரியவில்லை. துளசி லேசாகத் தெரிந்தது. காபிப்பொடி நாலாவது வீட்டில் யாரோ வறுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். முழுசாக வரவில்லை, ஆனால் வந்துகொண்டிருந்தது. அடுத்த மூன்று நாளும் கண்ணில் பட்டதையெல்லாம் முகர்ந்தார். விபூதிப்பச்சிலை, சோப்பு, பழைய புஸ்தகம், நனைந்த மண். நாலாம் நாள் காலை தானாகக் கொல்லைப் பக்கம் வந்து, "நேத்து வெச்ச மல்லியை இன்னும் ஏன் தலையில வெச்சிண்டிருக்கே? அழுகின வாடை அடிக்கறது" என்றார். அதைவிட இனிப்பாக ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் பேச முடியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் உள்ளதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏஜென்ட் வந்த அன்று இவர் பத்து மாதிரிகளையும் பார்த்தார். நான் வீட்டில் ஒரு வேலையும் ஓடாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எல்லாம் சரி என்று தெரிந்துவிட்டது. கையில் ஒரு பொட்டலம்.

"இதைக் கொஞ்சம் மோந்து பாரு" என்றார்.

பழக்கதோஷம், கிணற்றடிக்குப் போய்ப் பிரித்து முகர்ந்தேன். இரண்டு தடவை முகர்ந்தேன். நிறமும் நன்றாக இருந்தது. "முதல்தரம்" என்றேன்.

"இதை மட்டும் வேண்டாம்னு தள்ளிட்டேன். மூட்டை எங்கேயோ மண்ணெண்ணெய் டின்னோட சேர்ந்து கிடந்திருக்கு. ஏஜென்ட் முதல்ல இல்லைன்னார், அப்புறம் ஆமாம்னு ஒத்துண்டார்."

மறுபடி முகர்ந்தேன். மூச்சை உள்ளே இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு மண்ணெண்ணெயும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. ஏழு மாதம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இத்தனை ஜனங்கள் என் மூக்கை நம்பிக் காபி குடித்திருக்கிறார்கள்! எதையெதை நல்லது என்று சொல்லித் தொலைத்தேனோ, எந்தெந்த வீட்டில் யார் யார் முகம் சுளித்தார்களோ, அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம். ஒருவர்கூடக் கடைக்கு வந்து குறை சொல்லவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

"உனக்கு நிஜமாவே தெரியலையா?" என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் அன்று வரவில்லை. ஏழு மாதமாக என் தலையில் இருந்த ஒரு மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்டார்கள். நான் தப்பு, அவர் சரி. என் ஆயுசிலேயே அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.